பழைய சோல் அசிடேட் வாங்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்

அசிடேட் என்பது ஸ்டூடியோவில் பாடலைக் கேட்டுப் பார்க்க வெட்டும் தட்டு. 1960களின் அமெரிக்க சோல் இசை அசிடேட் ஒன்று விலைக்கு வந்தால், லேபிளைப் படிக்கும் முன் தட்டைக் கையில் எடுங்கள். அது அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் என்ற பூச்சைப் பூசி, ஒவ்வொன்றாக வெட்டியது. அதனால் சாதாரண வினைல் இசைத்தட்டைவிடக் கனக்கும். ஓரத்திலோ நடுத்துளையிலோ உலோகம் மினுங்கும். நடுத்துளைக்குப் பக்கத்தில், பெரும்பாலும் லேபிளுக்கு அடியில், இன்னொரு சிறு துளையும் இருக்கலாம். லேசாக, வெறும் பிளாஸ்டிக் போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் லேபிள். ஸ்டூடியோ முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருக்கிறதா? அது 1963இல்தான் வந்தது. 1961இல் வெட்டிய தட்டு என்று சொல்லிக்கொண்டு ஜிப் கோடோடு வந்தால், வாங்காமல் கிளம்பிவிடலாம்.

பலர் ஏமாறுவது வேறு இடத்தில். 1970களில் இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் (பழைய அமெரிக்க சோல் பாட்டுக்கு ஆடும் கிளப்புகள்) டிஜேக்கள், கிடைக்காத அமெரிக்கப் பாடல்களை எமிடிஸ்க் என்ற அசிடேட் தட்டுகளில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். தட்டு நிஜ அசிடேட்தான், பழசுதான். ஆனால் ஸ்டூடியோவில் பிறந்தது அல்ல. இசைத்தட்டிலிருந்து எடுத்த நகல் என்பதால், பாட்டு தொடங்கும் முன்பே மூலத்தட்டின் கரகரப்பு கேட்கக்கூடும்.

அசிடேட்டோடு டெமோ தட்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டெமோ, விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்த பிரதி; வெட்டியதல்ல, அச்சில் அழுத்தி எடுத்தது. 'விற்பனைக்கு அல்ல' என்ற வாசகத்தை எவரும் அச்சடிக்கலாம். லேபிளைச் சுற்றி, பாட்டு இல்லாத வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை அசல் வெளியீட்டோடு ஒப்பிடுங்கள்.

அசிடேட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள், லாக்கர் பூச்சு கெட்டுவிடும்.