செம்பருத்தி துவண்டால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

எங்கள் மதுரை வீட்டு மொட்டைமாடியில் இப்போது ஒன்பது தொட்டிச் செம்பருத்தி இருக்கின்றன. பத்தாவதாக ஒரு அடுக்குச் செம்பருத்தியும் இருந்தது. இலை தொங்கியதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துப்போய், தொட்ட இடத்தில் தோல் உரிந்து, நாற்றம் அடித்தது. தண்ணீர் கூடிப்போனாலும் இலை தாகத்தில் தொங்குவதுபோலத்தான் தொங்கும். மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகிவிட்டால், சுற்றிலும் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. அந்தச் செடி போன வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் இலை துவண்டதும் வாளியைத் தூக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உள்ளேயும் காய்ந்திருந்தால் தாகம்தான். ஆனால் நன்றாகக் காய்ந்த மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அடியில் ஓடிவிடும், வேருக்குப் போகாது. அப்படியிருந்தால் தொட்டியை ஒரு அகலமான டப்பில் வைத்துப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு எடுத்து நன்றாக வடியவிட வேண்டும்.

விரலில் ஈரம் தெரிகிறது, மதியம் இரண்டு மணிக்குத் துவண்ட செடி மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கத்திரி வெயிலில் வேர் தருவதைவிட வேகமாக இலை நீரை இழக்கிறது, அவ்வளவுதான். பச்சை நிழல்வலை கட்டுங்கள். தொட்டியைச் சுடுகிற தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் மாலையில் இலை நிமிராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். உடனே செடியை மண்ணோடு வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருப்பது நல்ல வேர். கறுத்துக் கொழகொழவென்று இருப்பதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் குறைக்க வேண்டும், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். நான் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு கலந்து அதில் நடுகிறேன், கூடவே ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. தொட்டித் துளையை ஓட்டுச்சில்லால் மூடும்போது வளைந்த பக்கம் மேலே இருக்கட்டும், அப்போதுதான் தண்ணீர் இறங்கும். அடித்தட்டு வேண்டாம். பத்து நாள் நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை வேறு உரம் எதுவும் போடாதீர்கள், காயம்பட்ட வேர் அதைத் தாங்காது.

வேர் அழுகாமல் தொட்டி உருவத்திலேயே சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இலை தொங்காமல் நுனி மட்டும் சுருண்டு முறுக்கிக்கொண்டால் அது வேறு விஷயம், பெரும்பாலும் மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், அந்தப் பூச்சி விடும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வரும். சுருண்ட நுனிகளைக் கிள்ளிக் கீழே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதிச் செடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வெயில் தாழ்ந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பக்கத்தில் வெண்டை வைத்திருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பம், பூச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும்.