இரண்டாவது கேம் கன்சோல்: மலைநாட்டு வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"ஒன்றுதான் இருக்கே, இன்னொன்று எதுக்கு?" இரண்டாவது கன்சோல் (டீவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி) வீட்டுக்கு வரும் நாளில் இந்தக் கேள்வியும் கூடவே வரும். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் விளையாட நிண்டெண்டோ ஸ்விட்ச் வேண்டும். கிரான் டூரிஸ்மோ 7 பிளேஸ்டேஷனில் மட்டும்தான் ஓடும். அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) டிஸ்க்குகளை பிஎஸ்4ம் வாசிக்காது, பிஎஸ்5ம் வாசிக்காது. ஒரு பெட்டியால் முடியாததை இன்னொன்று செய்யும் என்பதால்தான் கேம் பிரியர்கள் இரண்டு மூன்று வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காரணம் இல்லாமல் வாங்குவதுதான் முதல் தவறு. பிஎஸ்5 வந்த பிறகும் அதே டீவியின் கீழே பிஎஸ்4ஐ வைத்திருப்பதில் பயனில்லை. பிஎஸ்4 கேம்களில் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ்5இல் ஓடும். பழையதை அடுத்த அறையில் தம்பிக்குக் கொடுத்தால் அது வேறு கதை. நல்ல கேமிங் கணினி இருக்கும் வீட்டுக்கு மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பாக்ஸும் அப்படித்தான்: மைக்ரோசொஃப்ட் தன் சொந்தக் கேம்களைக் கணினிக்கும் அதே நாளில் விடுகிறது. "இந்தக் கேம் அந்தப் பெட்டியில் மட்டும்தான்" என்ற பேச்சும் சீக்கிரம் பழசாகிவிடும். ஃபோர்ஸா ஹொரைசன் 5க்காகவே எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்கள் உண்டு. 2025 ஏப்ரலில் அது பிஎஸ்5க்கும் வந்துவிட்டது. பிஎஸ்5ஓடு ஸ்விட்ச், அல்லது பிஎஸ்5ஓடு பழைய பிஎஸ்3 என்பதுதான் ஒன்றோடொன்று மோதாத சோடி.

டிஸ்க் போடும் வாய் இல்லாத பெட்டியை விலை குறைவு என்று வாங்கிவிட்டு, ஹட்டன் கடையில் பாவித்த டிஸ்க்குகளைப் பார்த்து ஏங்குவது அடுத்த தவறு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன், பிஎஸ்5 புரோ மூன்றிலும் டிரைவ் கிடையாது. 2023 கடைசியில் வந்த மெல்லிய பிஎஸ்5க்கும், புரோவுக்கும் டிரைவைத் தனியாக வாங்கிப் பூட்டலாம். பூட்டியதும் ஒருமுறை இன்டர்நெட்டில் பதிய வேண்டும். 2020இல் வந்த முதல் டிஜிட்டல் எடிஷனுக்கும் சீரிஸ் எஸ்ஸுக்கும் அந்த வழியே இல்லை. டிஸ்க் இல்லையென்றால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். 100 ஜிபி கேம் ஒன்றை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 22 மணித்தியாலத்துக்கு மேல் போகும். தோட்டத்துக்குள் 4ஜி இரண்டு கோடு காட்டும் இடத்தில் அது எத்தனை நாள் இழுக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் இருப்பவர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், டிரைவ் உள்ளதையே எடுப்பது நல்லது.

வோல்ட் பார்க்காமல் பிளக் போடுவது

இலங்கையில் 230 வோல்ட். இன்றைய பிஎஸ்5, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எல்லாம் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். சிக்கல் பழைய பெட்டிகளில்தான். அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360இன் செங்கல் போன்ற பவர் சப்ளை 100–127 வோல்ட்டுக்கு மட்டுமானது. ஜப்பானில் விற்ற நிண்டெண்டோ வீ (Wii) கன்சோலின் அடாப்டர் 100 வோல்ட். முள் பொருந்த ஒரு சின்ன அடாப்டரை மாட்டிவிட்டால் சரி என்று நினைத்துச் செருகினால், "டப்" என்ற சத்தத்தோடு கதை முடியும். அந்த அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. செருகுவதற்கு முன் அடாப்டரின் அடியில் "இன்புட்" என்று எழுதிய வரியைப் பாருங்கள். "100–240" என்றிருந்தால் நேரே போடலாம். "100", "120", "100–127" என்றிருந்தால், அந்தப் பெட்டிக்குரிய 230 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமரை விட அதுதான் மலிவு. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பெட்டிகளிலும் இந்த வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு பெட்டிகளையும் டீவியையும் ஒரே மல்டி பிளக்கில் போடுவதால் கரண்ட் தாங்காது என்ற பயம் வேண்டியதில்லை. பிஎஸ்5 விளையாடும்போது சுமார் 200 வாட்ஸ் இழுக்கும், டீவி 100 என்று வையுங்கள், சேர்த்து 1.3 அம்பியர்தான். பழைய லயக் காம்பராவின் உருண்டை முள் 5 அம்பியர் பொயின்ட்டே இதைத் தாங்கும். கெடுப்பது அதே கோர்டில் செருகும் கேத்தல்தான். 2000 வாட்ஸ் கேத்தல் ஒன்று தனியாகவே 8.7 அம்பியர் இழுக்கும். முள் தளர்ந்த பொயின்ட் என்றால் அது சூடாகி, உள்ளே பொறி பறந்து, கரண்ட் விட்டுவிட்டு வரும். கன்சோலைக் கொல்வது அந்த விட்டுவிட்டு வரும் கரண்ட். தேத்தண்ணிக்குத் தனிப் பொயின்ட் பாருங்கள்.

மின்னல் கரண்ட் வழியாக மட்டும்தான் வரும் என்று நம்புவது

மலைநாட்டில் அதிகப் பெட்டிகளைப் பலியெடுக்கும் தவறு இது. மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் கூடும். வானம் கறுத்ததும் எல்லோரும் கன்சோலின் பிளக்கைக் கழற்றுகிறார்கள். ஆனால் டீவியின் பின்னால் டிஷ் அன்டெனா வயர் அப்படியே இருக்கும். மின்னல் பக்கத்தில் எங்காவது விழுந்தால் போதும். அதிர்ச்சி டிஷ் வயரில் ஏறி, டிகோடருக்குள் வந்து, அதன் எச்டிஎம்ஐ (படத்தையும் சத்தத்தையும் கொண்டுபோகும் வயர்) வழியாக டீவிக்குப் போய், டீவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வயரில் கன்சோலைத் தொடும். கன்சோலில் விளக்கு எரியும், சத்தம் கேட்கும், படம் மட்டும் வராது. எச்டிஎம்ஐ சிப் போய்விட்டது. இரண்டு கன்சோல்களும் ஒரே டீவியில் இருந்தால் இரண்டும் போகலாம். செம்புக் கம்பி டெலிஃபோன் இணைப்பில் ரவுட்டர் இருக்கும் வீட்டில், ரவுட்டரிலிருந்து கன்சோலுக்குப் போகும் லேன் வயரும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே கழற்றும் வரிசை இது: முதலில் டிஷ் வயர், அடுத்தது ரவுட்டருக்கு வரும் டெலிஃபோன் வயர், பிறகு மல்டி பிளக்கைச் சுவரிலிருந்து. இடி கேட்பதற்கு முன்பே. சுவிட்சை மட்டும் ஓஃப் செய்வது போதாது; அந்த சின்ன இடைவெளி மின்னலுக்கு ஒரு தடையே இல்லை. "ட்ரிப் சுவிட்ச் இருக்கு" என்பதும் ஆறுதல் ஆகாது. அது உங்களைக் கரண்ட் அடிக்காமல் காக்கும், பெட்டியைக் காக்காது. திடீரென ஏறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்குபவர்கள், வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பொயின்ட்டில் அது பெரும்பாலும் விலை கூடிய மல்டி பிளக் மட்டுமே.

மின்வெட்டுக்கு இன்னொரு கவனம். கன்சோலை "ரெஸ்ட் மோட்" எனும் அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். இரவில் கரண்ட் போனால், காலையில் "ஸ்டோரேஜைச் சரிபார்க்கிறோம்" என்று பெட்டி உட்கார்ந்துவிடும். சில வேளை கேம் சேவும் (விளையாடி வந்த இடத்தின் பதிவும்) கெடும். பிஎஸ்5 செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் சேவிங் போய் தானாகத் தூங்குவதை நிறுத்தி, முழுதாக ஓஃப் செய்யுங்கள். 650 விஏ யூபிஎஸ் ஒன்றில் பிஎஸ்5ம் டீவியும் ஓடினால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். சேவ் செய்து அணைப்பதற்கு அது போதும், மேட்ச் முடிப்பதற்கு அல்ல.

ஒரே ஓட்டையில் மாறி மாறிச் செருகுவது

டீவியில் எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்று டிகோடருக்குப் போய்விடும், மிச்சம் ஒன்று. அதனால் ஒரே வயரைப் பிஎஸ்5இலிருந்து பிடுங்கி ஸ்விட்ச் டொக்கில் (ஸ்விட்சை டீவியோடு இணைக்கும் தாங்கியில்) போட்டு, மறுபடி பிடுங்கி... பிஎஸ்5 ரிப்பேருக்கு வருவதில் எச்டிஎம்ஐ ஓட்டை உடைவது மிகச் சாதாரணம். உள்ளே மயிர் போன்ற 19 முள்; சாய்த்துச் செருகினால் ஒன்று மடங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வயரை நிரந்தரமாக விட்டு, மறுமுனைகளை ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச்சரில் போடுங்கள். அங்கேயும் மலிவுக்கு ஆசைப்படாதீர்கள்: பழைய எச்டிஎம்ஐ 1.4 ரகம் 4கே எனும் மிகத் துல்லியமான படத்தில் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் விடாது. 4கே 60க்கு 18 ஜிபிபிஎஸ், 120க்கு 48 ஜிபிபிஎஸ் என்று ஸ்விட்ச்சரின் உறையில் எழுதியிருக்க வேண்டும். ஒரு கன்சோலில் விளையாடும்போது மற்றது தானாக எழும்பி டீவியைப் பிடித்துக்கொண்டால் பழுது என்று பயப்படாதீர்கள். எச்டிஎம்ஐ சிஇசி எனும் வசதியை இரண்டாவது பெட்டியில் அணைத்துவிட்டால் நின்றுவிடும்.

அக்கவுண்டைக் கவனிக்காமல் விடுவது

பிளேஸ்டேஷனில் கேம் வாங்க அக்கவுண்ட் தரும் பிளேஸ்டேஷன் நெட்வர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே பலரும் சிங்கப்பூர், அமெரிக்கா, இந்தியா என்று ஏதோ ஒன்றைத் தெரிவுசெய்து அக்கவுண்ட் திறக்கிறார்கள். தெரிவுசெய்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. பிஎஸ்4இல் அமெரிக்கா, புதுப் பிஎஸ்5இல் சிங்கப்பூர் என்று இரண்டு திறந்துவிட்டால், வாங்கிய கேம்கள் இரண்டாகப் பிரியும். கிஃப்ட் கார்ட் அந்த நாட்டுக் கார்டாகவே இருக்க வேண்டும். டிஸ்க் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஓடும், ஆனால் அதன் கூடுதல் பகுதிகளை டிஸ்க்கின் பிராந்திய ஸ்டோரிலிருந்தே வாங்க வேண்டும். உறையின் வயது முத்திரை பார்த்தால் பிராந்தியம் பிடிபடும்: ஈஎஸ்ஆர்பி என்றால் அமெரிக்கா, பெகி என்றால் ஐரோப்பா, செரோ என்றால் ஜப்பான்.

ஒரே அக்கவுண்டில் ஒரு பிஎஸ்4ஐ "பிரைமரி" ஆகவும், ஒரு பிஎஸ்5இல் "கன்சோல் ஷேரிங் அண்ட் ஓஃப்லைன் பிளே"யையும் ஒரே நேரத்தில் போட்டு வைக்கலாம். போடாவிட்டால், இன்டர்நெட் போன மழை நாளில், காசு கொடுத்து இறக்கிய கேமின் மேல் பூட்டுப் படம் வந்து நிற்கும். இரண்டு பெட்டிகளிலும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

சேவ் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பிஎஸ்4 கேமின் சேவைத் தனியாக யூஎஸ்பியில் எடுக்கலாம் (பென் டிரைவ் எக்ஸ்ஃபாட் அல்லது ஃபாட்32 ஃபோர்மட்டில் இருக்க வேண்டும், என்டிஎஃப்எஸ் ஃபோர்மட் அதற்குத் தெரியாது). பிஎஸ்5 கேமின் சேவை அப்படித் தனியாக எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் கிளவுட் (இன்டர்நெட் சேமிப்பிடம்) வேண்டும், இல்லையேல் பெட்டி முழுவதையும் பேக்கப் செய்ய வேண்டும். ஸ்விட்சில் சேவ் கேம் கார்ட்டில் இருக்காது, பெட்டிக்குள்தான் இருக்கும். கார்ட்டை நண்பனுக்குக் கொடுத்தால் சேவ் போகாது என்பது நல்லதுதான், கிளவுடில் எடுத்து வைக்காமல் பெட்டி தொலைந்தால் எல்லாம் போகும் என்பதும் அதே காரணத்தால்தான்.

சும்மா கிடக்கும் பெட்டி

இரண்டு இருந்தால் ஒன்று கட்டாயம் சும்மா கிடக்கும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துப் பனிக்கு அதுதான் முதலில் இரையாகும். லென்ஸில் பூஞ்சை, டிஸ்க்கில் வெள்ளைப் புள்ளி, கொன்ட்ரோலர் ரப்பரில் பிசுபிசுப்பு. மாதம் ஒருமுறை எடுத்து முக்கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். அந்தச் சூடே ஈரத்தைத் துரத்தும். முழுதாக ஆறிய பிறகு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சூட்டோடு மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். அதே நாளில் கொன்ட்ரோலர்களைப் பாதியளவு சார்ஜ் செய்யுங்கள். காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி எழும்பாது. பழைய பிஎஸ்3, பிஎஸ்4 திகதியை மறந்து தவறான ஆண்டைக் காட்டினால், உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்.

குளிர்தானே, சூடாகாது என்று மர அலமாரிக்குள் கதவை அடைத்து விளையாடுவதும் கூடாது. பின்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள். விறகடுப்புப் புகை வரும் அறையில் வைத்தால் கரி எண்ணெயாகி விசிறியில் ஒட்டும், ஊதினாலும் போகாது. நுவரெலியாவில் குளிர்ந்து கிடந்த பெட்டியை கொழும்புக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் ஆவி படிவதுபோல் உள்ளே நீர் படியும். பையிலேயே மூன்று மணித்தியாலம் வைத்திருந்து பிறகு போடுங்கள்.

கடைசியில் ஒன்றை விற்க முடிவெடுத்தால், கையை விட்டுப் போகும் முன் பிரைமரியை நீக்கி, அக்கவுண்டை வெளியேற்றி, முழுதாக அழித்துவிடுங்கள். மறந்துவிட்டால் பிளேஸ்டேஷன் வெப்சைட் வழியாக எல்லாப் பெட்டிகளையும் ஒரேயடியாக நீக்கலாம், ஆனால் அது 6 மாதத்துக்கு ஒருமுறைதான்.