மெத்தென்றும் இருக்க வேண்டும், சாயவும் கூடாது: முதல் ஓட்டச் சப்பாத்து வாங்குவது எப்படி?

கடையில் சப்பாத்தைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கட்டை விரலால் அடிப்பகுதியை அமுக்கிப் பார்ப்பார்கள். நன்றாக அமுங்கினால் நல்ல சப்பாத்து என்று முடிவாகிவிடும். இரண்டு வாரம் பினாங்கின் கர்னி டிரைவில் ஓடிய பிறகுதான் கணுக்காலின் உள்பக்கம் முனகத் தொடங்கும். எடை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் நுரை அமுங்கும். ஓடும்போது பாதம் உள்பக்கமாகச் சரிகிறவருக்கு, அணைப்பில்லாத மென்மையான நுரை அந்தச் சரிவைக் கூட்டிவிடலாம். மெத்தை வேண்டும்தான், ஆனால் அதற்கு ஒரு சுவரும் வேண்டும்.

முதல் படி: வீட்டிலேயே பாதத்தைப் பாருங்கள்

பழைய சப்பாத்தை மேசைமேல் வைத்து, கண்மட்டத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் பகுதி உள்பக்கம் சாய்ந்து நின்றால் அது ஓர் அறிகுறி. குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலானோர் அந்த ஓரத்தைத்தான் முதலில் தரையில் பதிக்கிறார்கள்.

அடுத்து, வெறுங்காலுடன் கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மெதுவாக ஐந்து முறை மடக்கி நிமிருங்கள். முழங்கால் உள்ளே போகிறதா, பாத வளைவு தரையோடு தட்டையாகிறதா என்று கவனியுங்கள். கொஞ்சம் சரிவது இயல்பு. அதிர்ச்சியைத் தாங்கும் உடலின் வழியே அதுதான். அளவுக்கு மீறினால்தான் பாதத்தைச் சாயவிடாத நிலைப்புத் துணையுள்ள சப்பாத்தைத் தேட வேண்டும்.

ஈரக்காலைக் காகிதத்தில் பதித்துப் பார்க்கும் சோதனை பிரபலம். அது காட்டுவது நிற்கும் பாதத்தின் வடிவத்தை மட்டுமே. அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுவோருக்குப் பாத வளைவைப் பார்த்துச் சப்பாத்து கொடுத்த ஆய்வுகளில் காயம் குறையவில்லை. போட்டு ஓடும்போது கால் என்ன சொல்கிறது என்பதே பெரிய சாட்சி.

இரண்டாம் படி: சுவர் எங்கே இருக்கிறது?

பழைய முறையில் உள்பக்க ஓரத்தில் கெட்டியான நுரைத்துண்டு ஒன்று வைப்பார்கள். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். துணை உறுதிதான், ஆனால் சிலருக்குக் கல் மாதிரி உறுத்தும். இப்போது வேறு வழிகள் வந்துவிட்டன. புரூக்ஸ் நிறுவனத்தின் அட்ரினலின் மாடல் குதிகாலின் இருபுறமும் தண்டவாளம் போல அணை கட்டுகிறது. ஹோகா அராஹியின் முந்தைய பதிப்புகளில் ஆங்கில ஜே எழுத்து வடிவில் கெட்டி நுரை குதிகாலைச் சுற்றி உள்பக்கம் வந்தது. ஆசிக்ஸ் கயானோ 2023இல் வந்த 30ஆம் பதிப்பில் கெட்டித் துண்டைக் கைவிட்டு, அகலமான அடிப்பாகத்தையும் வளைவுப் பக்கம் மீண்டெழும் நுரையையும் நம்பியது. மென்மையும் நிலைப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் இந்தப் புது வகைகளைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கார்பன் தகடு வைத்த பந்தயச் சப்பாத்து, எவ்வளவு தள்ளுபடி என்றாலும், தொடக்கக்காரருக்கு வேண்டாம். உயர்ந்த நுரை, ஒடுங்கிய குதிகால்; திரும்பும்போது தள்ளாடும்.

மூன்றாம் படி: கடையில் பத்து நிமிடம்

மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்து நம் ஊர் வெயிலில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும் காலுறையைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு பாதத்தையும் அளந்து பெரியதற்கே அளவு எடுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். அகலம் போதவில்லை என்றால் நீளத்தைக் கூட்டாதீர்கள். ஆண்களுக்கு 2ஈ, பெண்களுக்கு டி என்ற அகல அளவைக் கேளுங்கள்.

குதிகாலைச் சுற்றிய பின்சுவரை இரு விரலால் நெரியுங்கள். தாள் போல மடங்கினால் வைத்துவிடுங்கள். பிறகு இரு முனையையும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். முன்பாதி கொஞ்சம் திரும்பலாம், நடுப்பகுதி எதிர்த்து நிற்க வேண்டும்.

இனி காலில் போட்டு, ஒற்றைக் காலில் 20 விநாடி நில்லுங்கள். வெறுங்காலில் நின்றதைவிடக் கணுக்கால் அதிகம் ஆடினால் அந்த நுரை உங்களுக்கு மிக மென்மையானது. கடைக்குள் கொஞ்சம் ஓடியும் பாருங்கள். பாத வளைவை ஏதோ ஒன்று மேலே தள்ளுவதைப் பலர் 'நல்ல சப்போர்ட்' என்று நினைக்கிறார்கள். அந்த இடம்தான் ஐந்தாவது கிலோமீட்டரில் கொப்புளமாகும். நல்ல துணை இருப்பதே தெரியாது.

குதிகால் மட்டும் வழுக்கினால் அளவைக் குறைக்கும் முன் கயிற்றைப் பாருங்கள். கடைசித் துளையில் ஒவ்வொரு பக்கமும் கயிற்றை அதே பக்கம் நுழைத்துச் சிறு வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் கோத்து, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள்.

நான்காம் படி: முதல் இரண்டு வாரம்

2 அல்லது 3 கிலோமீட்டரில் தொடங்கி, பழைய சப்பாத்தோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். யூத் பார்க் போன்ற இடத்தில் சமமான பாதையில் ஓடுங்கள். தண்ணீர்மலைப் பக்கம் ஏற்ற இறக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாலை ஓரம் மழைநீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் மட்டும் சாய்ந்தே பதியும். பழி சப்பாத்தின் மேல் விழும். வலி ஒரே காலில் வந்தால் முதலில் திசையை மாற்றிப் பாருங்கள். துணையுள்ள சப்பாத்துக்குள் உயர்ந்த வளைவுள்ள இன்சோலையும் வைப்பது இரட்டைத் துணை. பாதத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடும். ஓய்விலும் விடாத வலி, வீக்கம் என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மழையும் காரின் சூடும்

நனைந்ததும் இன்சோலை உருவி, கயிற்றைத் தளர்த்தி, உள்ளே நாளிதழைத் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றி, காற்றாடி முன் வையுங்கள். உச்சி வெயிலும் பூட்டிய காரின் சூடும் பசையையும் நுரையையும் கெடுக்கும்.

பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாங்கிய அன்றே பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்து, 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை மேசைமேல் வைத்து ஒப்பிடுங்கள். அடிரப்பர் புதிதாக இருந்தாலும், உள்பக்க நுரையில் சுருக்கம் விழுந்து சப்பாத்து சாய்ந்துவிட்டால் ஓட்டத்துக்கு அது போதாது. பாசாருக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.