போன வருசத்தை ஒரு கொப்பிக்குள் எழுதி வைப்பது எப்படி?

வன்னியில் பல வீடுகளில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கலியாண அல்பமும் அப்பப்பாவின் கையெழுத்தும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் இடப்பெயர்வோடு போய்விட்டன. இன்று ஒரு கைபேசிக்குள் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது. ஆனால் ஆர், எங்கே, எதற்காக என்று ஒன்றிலும் எழுத்தில்லை. கைபேசி கிணற்றுக்குள் விழுந்தால் அதுவும் முடிந்தது. ஆகவே வருசத்துக்கு ஒரு கொப்பி என்று தொடங்குங்கள். மூன்று இரவு வேலை.

எப்போது எழுத இருப்பது என்பதைக் கமம்தான் முடிவு செய்யும். காலபோக விதைப்பும் களையும் பசளையும் முடிந்து, அரிவி வெட்டுத் தொடங்குவதற்கு முன்னான மார்கழிக் கடைசியும் தைப்பொங்கலுக்கு முந்திய கிழமையும் நல்ல நேரம். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிவிட்டால் ஒருவரையும் பிடித்து இருத்த முடியாது.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். 120 பக்க சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) ஒன்று, கறுத்த போல்பொயின்ற் பேனை, 6×4 அங்குலத்தில் அச்சடித்த முப்பது நாற்பது படம், படத்தின் மூலையைச் செருகும் கடதாசி மூலைகள். ஜெல் பேனை வேண்டாம். மாரி ஈரத்தில் சிலவற்றின் மை ஊறிப் பரவும்.

முதலாவது இரவு: துண்டுகளைச் சேர்ப்பது

ஆரிடமும் எதையும் கேட்க முதல் சுவர்க் கலண்டரைக் கழற்றி மேசையில் வையுங்கள். வீட்டின் உண்மையான நாட்குறிப்பு அதுதான். காஸ் மாற்றிய நாள், பசு சினைப்பட்ட நாள், சீட்டுக் காசு கட்டிய நாள், கிளினிக் நாள் எல்லாம் அதில் கிறுக்கியிருக்கும். பொங்கலோடு புதுக் கலண்டர் வந்ததும் பழையதைக் கொப்பிக்கு உறை போடக் கிழித்துவிடுவார்கள். அதற்கு முன் அதைக் காப்பாற்றுங்கள்.

பிறகு கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் றிப்போட், நெல் விற்ற நிறுவைத் துண்டு, பசளைக் கடைத் துண்டு, அடகுத் துண்டு, மின்சார பில், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், அந்தியேட்டி அழைப்பிதழ். கடை மெசினில் வரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டுகளை ஒட்டி வைத்துப் பிரயோசனமில்லை. அது வெப்பத்தில் கறுக்கும் தாள். தகரக் கூரைச் சூட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். திகதியையும் தொகையையும் அன்றைக்கே கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் துண்டிலிருந்து தொடங்க வேண்டும்? நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாதம் மட்டும்தான் வரும். 2025ஐ எழுத இருந்த வீடுகளில் டித்வா புயலும் வெள்ளமும் முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும், அந்த மாசியில் புதிரெடுத்த (புது நெல்லை முதன்முதல் வீட்டுக்கு எடுத்த) நாள் ஒருவருக்கும் நினைவுக்கு வராது. ஒரு பசளைத் துண்டு மேசையில் கிடந்தால் அதைச் சுற்றி அந்தக் கிழமை முழுக்கத் திரும்பி வரும்.

கொப்பியை 12 மாதமாகப் பிரிக்காதீர்கள். இங்கே வருசம் அப்படி நடப்பதில்லை. தைப்பொங்கலும் அரிவி வெட்டும், பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல், சிறுபோகம், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், மடு மாதா கோயிலின் யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்கள், முதல் மழையும் விதைப்பும், மாரி. இப்படி ஆறேழு பகுதி வைத்தால் சனங்கள் சொல்லும் பேச்சோடு கொப்பியும் ஒத்துப்போகும். பொங்கலுக்குப் பொங்கல் இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வரும். ஏப்ரலில் என்ன நடந்தது என்று கேட்டால் முகட்டைத்தான் பார்ப்பார்கள்.

திகதியில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பேச்சில் ஜனவரியைத் தை என்றும் மே மாதத்தை வைகாசி என்றும் சொல்வோம். பஞ்சாங்கத்துத் தையோ ஜனவரி நடுவில்தான் பிறக்கும். அம்மம்மா ‘ஆவணி 10’ என்றால் அது ஓகஸ்ட் 10ஆ, பஞ்சாங்கத்து ஆவணி 10ஆ? இரண்டுக்கும் இரண்டு கிழமைக்கு மேல் வித்தியாசம். கேட்டுத் தெளிந்து, ஆங்கில மாதத்தையும் கிழமையையும் பக்கத்தில் எழுதுங்கள். திவசத் திதி என்றால் திதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது இரவு: கேட்பது

‘போன வருசம் மறக்க முடியாதது என்ன?’ என்று கேட்டால் செத்த வீடும் கலியாண வீடும் மட்டும்தான் வரும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். “அம்மம்மா, முதல் மழை பெய்யேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?” “புது அரிசியில முதல் என்ன சமைச்சது?” “வீட்டுக்கு ஆர் ஆர் வந்து தங்கினவை?” “என்ன உடைஞ்சது, ஆர் திருத்தினது?” “இந்த வருசம் ஆர் புதுசா ஒண்டைப் பழகினது?” கடைசிக் கேள்விதான் அதிகம் தரும். சைக்கிள், நீச்சல், தோசை வார்க்கிறது, மோட்டர் போடுகிறது என்று பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்லுவார்கள்.

கேட்டதை எழுதும்போது நாள், இடம், ஆக்கள், சொன்ன ஒரு வசனம் என்ற நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘புதுச் சைக்கிள் வாங்கினோம், எல்லோருக்கும் சந்தோசம்’ என்பது இருபது வருசத்துக்குப் பிறகு ஒன்றும் சொல்லாது. ‘பெப்ரவரி 9, ஞாயிறு. நெல்லு வித்த காசில் கிளிநொச்சியில் வாங்கினது. சின்னவளுக்குக் கால் எட்டவில்லை, மாமா சீற்றை இறக்கிவிட்டார். “நான் பள்ளிக்கூடத்துக்கு இனி நடக்கமாட்டன்” எண்டாள்’ என்று எழுதினால் அந்தப் பிள்ளையே பேசும். பிள்ளைகளின் பேச்சைத் திருத்தாதீர்கள். இலக்கணம் பார்க்கும் இடம் இதுவல்ல. வயலைப் பற்றி எழுதினால் நெல்லின இலக்கம், ஏக்கருக்கு எத்தனை மூடை, மூடை விலை மூன்றையும் எழுதுங்கள். அது குடும்பக் கதைதான்.

குரலைப் பதிகிறவர்கள் மழையில்லாத நேரம் பார்க்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவில் மழை மட்டும்தான் இருக்கும். காற்றாடியை நிறுத்தி, கைபேசியைத் துணி விரித்த மேசையில் ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் பலகையில் வைத்தால் கை தட்டுகிற சத்தம் எல்லாம் ஏறும். தொடக்கத்தில் நாளையும் ஊரையும் பேசுகிறவரின் பெயரையும் சொல்லிவிட்டு, இருபது நிமிசத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வயதானவர்கள் களைத்துப்போவார்கள்.

துயரத்துக்கும் கொப்பியில் இடம் வேண்டும், ஆனால் எவரையும் நெருக்கக் கூடாது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐயும் வீடு எப்படிக் கடந்தது என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் உள்ள வீட்டில் ‘இருந்தார்’ என்றா ‘இருக்கிறார்’ என்றா எழுதுவது என்பதைத் தாய்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். அந்த மகனின் பிறந்தநாளைத் தாய் கொண்டாடினால் அதுவும் அந்த வருசத்தில் நடந்ததுதான். சொல்ல மனமில்லை என்றால் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவது இரவு: படங்கள்

ஆயிரத்திலிருந்து நாற்பதைத் தெரிவது கடினம். அதனால் முதலில் அழிக்கத் தொடங்காமல், மாதத்துக்கு மூன்று நாலுக்கு நட்சத்திரம் போட்டுப் பிறகு அவற்றுக்குள் தெரியுங்கள். எல்லாரும் வரிசையில் நிற்கும் படம் ஒன்றிரண்டு போதும். முற்றம், அடுப்படி, மாட்டுக்கொட்டில், பழைய கேற் இவை தெரிகிற படங்களை விடாதீர்கள். நாளைக்கு வீடு மாறும், மரம் விழும்.

வட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த நாள் இருக்காது. கோப்பின் பெயரில் தெரியும் 20250114 போன்ற எட்டு இலக்கம் அது வந்து சேர்ந்த நாள். படம் சுருங்கியும் இருக்கும். 6×4க்குத் தாங்கும், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருப்பித்தால் கலங்கும். கனடாவிலோ பாரிசிலோ இருக்கிறவர்களிடம் ‘டொக்கியூமென்ற்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது. சொல்லுகிற கையோடு, முந்தி நீங்கள் அனுப்பிய பழைய கலியாணப் படங்கள் அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இங்கே எரிந்த படத்தின் பிரதி அங்கே ஓர் அலுமாரிக்குள் இருந்து வந்த வீடுகள் உண்டு.

பசை பூசி மூடும் பிளாஸ்ரிக் அல்பம் கூடாது. சில வருசத்தில் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும், கழற்றப் போனால் கிழியும். லமினேற் பண்ணுவதும் அப்படித்தான், ஒருமுறை சூட்டில் ஒட்டினால் திரும்ப எடுக்க வழியில்லை. மாப்பசை கறையானையும் பூச்சியையும் கூப்பிடும். கடதாசி மூலைதான் சரி. பெயர்களைப் படத்தின் பின்னால் அழுத்தி எழுதாமல், கொப்பியில் படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக எழுதுங்கள். ‘அம்மா’ என்று எழுதினால் எழுதியவருக்கு மட்டும்தான் விளங்கும், முழுப்பெயரும் உறவுமுறையும் வேண்டும்.

முடிந்த கொப்பியை இரண்டு சொப்பின் பைக்குள் சுற்றி, தகரப் பெட்டியில், அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் வைக்கும் இடத்தில் வையுங்கள். அவசரத்தில் தூக்கும் பெட்டி அதுதான். பெட்டி நிலத்தில் முட்டக் கூடாது, கடைசி வெள்ளத்தின் கறை சுவரில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கு மேல் இருக்க வேண்டும். பக்கங்களைப் படம் பிடித்து ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் சகோதரத்துக்கு அனுப்புங்கள், இன்னொன்றைக் கூகுள் கணக்கில் ஏற்றுங்கள். 15 ஜீ.பி. வரை காசில்லை. அந்தக் கணக்கின் கடவுச்சொல் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

படங்கள் நனைந்துவிட்டால் ஒட்டியபடி காயவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஸ்ரூடியோவில் கழுவிய படமானால் சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் சுருளும். இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும், தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுப் பிரின்ரரில் மையால் அடித்த படத்தைத் தண்ணீரில் போட்டால் நிறமே போய்விடும், அதைக் காற்றில் மட்டும் உலர்த்துங்கள்.

கொப்பியின் கடைசி ஐந்து பக்கத்தை எழுதாமல் விடுங்கள். பொங்கலுக்கு வரும் பெரியம்மா வாசித்துவிட்டு “இது அப்பிடி இல்லை” என்று தொடங்குவார். அவருடைய கதையை அங்கே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் போடுங்கள்.