ஓபிடோஸ் திருமணத்துக்குச் செல்வோர் விழாவைச் சுற்றியுள்ள நாட்களைத் திட்டமிடும் முறை

லிஸ்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மதில் சூழ்ந்த சிறு குன்றின்மீது அமைந்துள்ள ஓபிடோஸ், போர்ச்சுகலில் திருமணம் நடத்த விரும்புவோர் தேடி வரும் ஊர்களுள் ஒன்று. இந்த ஊருக்கும் கல்யாணத்துக்கும் உள்ள உறவு பழையது. 1282இல் மன்னர் டினிஸ், தாம் மணந்த இசபெல்லுக்கு இந்த ஊரையே பரிசாக எழுதிக் கொடுத்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் இது போர்ச்சுகல் அரசிகளின் உடைமையாகவே இருந்தது. ஊர் நடுவிலுள்ள சான்டா மரியா தேவாலயத்தில் 1441இல் மன்னர் ஐந்தாம் அஃபோன்சோவுக்கும் அவருடைய சித்தப்பா மகளுக்கும் திருமணம் நடந்தபோது இருவருக்கும் பத்து வயது நிறைந்திருக்கவில்லை. நம் முறைப்படி அந்தப் பெண் தங்கையாகிறாள் என்பது வேறு விஷயம்.

பயணத்தைத் திட்டமிடும் முன், விழா எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று மணமக்கள் வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போர்ச்சுகீசியத் திருமணங்கள் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கி, விருந்தும் நடனமுமாக நள்ளிரவைத் தாண்டிச் செல்பவை. கேக் வெட்டுவதே நள்ளிரவை ஒட்டித்தான் நடக்கும். ஆகவே திருமண நாளின் காலை உங்களுக்குக் கிடைக்கும். மறுநாள் காலை கிடைக்காது. தொலைதூரப் பயணங்களை மறுநாளைக்கு அடுத்த நாளில் வைத்துக்கொண்டு, திருமணத்துக்கு முந்தைய நாட்களில் ஊருக்குள்ளும் பக்கத்திலும் மட்டும் சுற்றுவதே நல்லது.

ஊருக்குள் பார்ப்பதைக் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் கூட்டத்தை இறக்கிவிட்டு மாலைக்குள் அழைத்துச் சென்றுவிடுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் ரூவா டிரெய்டா என்னும் கடைத்தெருவில் தோள் உரசாமல் நடக்க முடியாது. மதிலுக்குள் தங்குவோருக்கு இந்தக் காலையும் மாலையும் தாமாகவே அமைந்துவிடும். ஆனால் காரை வெளியே நிறுத்திவிட்டு, சக்கரப் பெட்டியைக் கருங்கல் பாவிய ஏற்றத்தில் இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், பெரிய பெட்டியைக் காரிலேயே வைத்துவிட்டு ஓரிரு நாள் துணியை மட்டும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். இதே கற்கள்தாம் குதிகால் உயர்ந்த செருப்புக்கும் எதிரி. தட்டையான செருப்பில் மண்டபம் வரை நடந்து, அங்கே மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

திருமண நாள் காலைக்கு ஏற்றது மதில் நடை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மதிலின் மேல் ஊரைச் சுற்றி வர ஒரு மணி நேரம் போதும். ஒரு பக்கம் வெள்ளைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும், மறுபக்கம் திராட்சைத் தோட்டங்களும் தெரியும். வெளிப்புறத்தில் மார்பளவு கைப்பிடிச் சுவர் இருக்கிறது. ஊரைப் பார்த்த உட்புறத்தில் எதுவுமே இல்லை. சில இடங்களில் மதில் 13 மீட்டர் உயரம். எதிரே ஒருவர் வந்தால், வெளிச்சுவரை ஒட்டி நின்று, அவர் கடந்த பிறகு நடக்க வேண்டும். சிறு குழந்தைகளையும் தலைசுற்றல் உள்ளவர்களையும் மேலே அழைத்துச் செல்ல வேண்டாம். மழை பெய்திருந்தால் எவருமே ஏற வேண்டாம். பட்டுப்புடவையுடன் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிடுவது நல்லது.

ஏற இயலாதவர்கள் அந்த நேரத்தில் சான்டா மரியா தேவாலயத்துக்குச் செல்லலாம். சுவர் முழுவதும் 17ஆம் நூற்றாண்டின் நீல ஓடுகள் பதித்த இக்கோவிலில், இவ்வூரிலேயே வாழ்ந்து 1684இல் மறைந்த ஜோசெஃபா டி ஓபிடோஸ் வரைந்த ஓவியங்கள் உள்ளன. பெண் ஓவியர்கள் அரிதாக இருந்த காலத்தில் தம் தூரிகையாலேயே பிழைத்தவர் அவர். கோட்டைக்கு அருகிலுள்ள சான்டியாகோ தேவாலயம் இன்று புத்தகக் கடையாக இருக்கிறது. பலிபீடம் அப்படியே நிற்க, மரத்தட்டுகளில் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ ஓபிடோஸை இலக்கிய நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஜின்ஜா என்னும் புளிப்புச் செர்ரி மதுவைச் சிறு சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றித் தருவது இவ்வூர் வழக்கம். முதல் மிடறைக் குடித்துவிட்டு, எஞ்சிய சொட்டுகளோடு கிண்ணத்தையும் கடித்துத் தின்றுவிட வேண்டும். தாமதித்தால் விரலில் உருகி, உடையில் கறை படியும். மது அருந்தாதவர்கள் வெறும் கிண்ணத்தைக் கேட்டு வாங்கலாம்.

அரை நாள் ஓய்வு கிடைத்தால் ஆறு கிலோமீட்டர் அப்பாலுள்ள கால்டாஸ் டா ரயின்யாவுக்குச் செல்லுங்கள். அரசி லியோனோர் 1485இல் இங்குள்ள கந்தக ஊற்றை ஒட்டி மருத்துவமனை நிறுவியதால் வளர்ந்த ஊர் இது. நடுச்சதுக்கத்தில் திறந்தவெளியில் நாள்தோறும் காலையில் கூடும் காய்கனிச் சந்தை நண்பகலுக்கு முன்பே கலையத் தொடங்கும். 1884இல் தொடங்கப்பட்ட போர்டாலோ பின்யெய்ரோ பீங்கான் ஆலையின் முட்டைக்கோஸ் இலை வடிவத் தட்டுகள் மணமக்களுக்குக் கொடுக்கத் தகுந்த பரிசு. ஆனால் இவ்வூர் மண்பாண்டத்தில் ஆண்குறி வடிவப் பொருட்களும் பேர்போனவை; மாமனார் மாமியாருடன் செல்பவர்கள் கடை அலமாரியை முன்னதாகவே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முழு நாள் கிடைக்கும்போது அல்கோபாசா ஊரிலுள்ள துறவியர் மடத்தையே நான் முதலில் சொல்வேன். 1153இல் நிறுவப்பட்ட அந்த மடத்தின் தேவாலயத்தில் மன்னர் பெட்ருவும் இனெஸ் டி காஸ்ட்ருவும் எதிரெதிரே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இளவரசராக இருந்த பெட்ருவின் காதலியை அவருடைய தந்தையே 1355இல் கொல்லச் செய்தார். அரியணை ஏறியதும் பெட்ரு, தாம் இனெஸை முன்பே இரகசியமாக மணந்துவிட்டதாக அறிவித்தார். இறுதித் தீர்ப்பு நாளில் எழும்போது ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்க வேண்டும் என்பதற்காகவே பாதங்கள் எதிரெதிராக இருக்கும்படி கல்லறைகள் வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். இனெஸின் கல்லறையைத் தாங்கும் மனித முக விலங்குகளைக் குனிந்து பாருங்கள். அங்கிருந்து 20 கிலோமீட்டரில் உள்ள பட்டாலியா மடத்தில் மன்னர் முதலாம் ஜோவானும் அவருடைய மனைவி பிலிப்பாவும் கைகோத்தபடி கிடக்கும் கற்சிலைகள் உள்ளன. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். நசரே கடற்கரையையும் சேர்த்தால் களைப்புத்தான் மிஞ்சும். நசரேயின் பேரலைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை எழுபவை. கோடைத் திருமணத்துக்கு வருவோர் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.

பெனீஷ் துறைமுகத்திலிருந்து பெர்லெங்கா தீவுக்குப் படகில் செல்ல விரும்புவோர் அதைத் திருமணம் முடிந்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். தூரம் பத்துக் கிலோமீட்டர்தான் என்றாலும் கடல் கொந்தளிப்பானது. குமட்டல் பலருக்கு வரும், படகு ரத்தாவதும் உண்டு. தீவில் இருக்கும் பார்வையாளர் எண்ணிக்கைக்கு 550 என்ற வரம்பு இருப்பதால் முன்பதிவு தேவை.

சைவ உணவுக்காரர்கள் விருந்து உணவைப் பற்றி மணமக்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உணவகங்களில் கால்டோ வெர்டே என்னும் கீரைச் சூப்பில்கூடப் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். அதைப் போட வேண்டாம் என்று கேட்டாலும், குழம்புநீர் எதில் கொதித்தது என்றும் விசாரிக்க வேண்டும். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டியும் ஆலிவும் இலவசமல்ல. தொடாவிட்டால் கட்டணம் இல்லை.

லிஸ்பனின் கம்போ கிராண்டே நிறுத்தத்திலிருந்து வரும் பேருந்து ஒரு மணி நேரத்தில் ஓபிடோஸை அடையும். திரும்புவதற்கும் அதுவே வசதி, ஏனெனில் ரயில் மெதுவானது. விமானப் பயணத்தில் ஜின்ஜா புட்டியைப் பெரிய பெட்டியிலும் பீங்கான் தட்டைக் கைப்பையிலும் வையுங்கள்.