கொல்லைப்புறக் கோழிகளும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

மதுரைப் புறநகரில் நாலு சென்ட் மனை. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடிக்குப் பத்தடி கொல்லை. அதில் நான்கு பெட்டைக் கோழிகளை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன். புதிதாகக் கோழி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சத்தத்தை எப்படி அடக்குவது என்றுதான். கோழியின் வாயை யாராலும் அடைக்க முடியாது. அது எந்த நேரத்தில் கத்துகிறது, யார் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துகிறது என்ற இரண்டை மட்டும் நம்மால் மாற்ற முடியும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: சேவல் வேண்டாம்

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. பெட்டை தானாகவே இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். "கூட்டை இருட்டாக வைத்தால் சேவல் கூவாது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மங்கிய வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். விடியலைக் காட்டும் அறிகுறி எதுவும் இல்லாதபோதும் அவை ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியில் கூவிக்கொண்டிருந்தன. சேவலுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது; சாக்குத் திரை போட்டு அதை நிறுத்த முடியாது.

எனக்கு இது ஆய்வைப் படிக்கும் முன்பே தெரியும். முதல் வருடம், என் மாமியார் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று எங்கள் கொல்லையில் இருந்தது. விற்கவும் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. ஆடி மாதம் கோயிலுக்குக் கிளம்பும்வரை எங்கள் தெரு நாலரை மணிக்கே விழித்துக்கொண்டது.

அதனால் குஞ்சாக வாங்காதீர்கள். குஞ்சில் ஆண், பெண் பார்த்துச் சொல்வது கடினம். ஐந்து வாங்கினால் இரண்டு மூன்று சேவலாகிவிடும். தெருவில் சாயம் பூசி விற்கும் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்துவிடும் ஆண் குஞ்சுகள். பிள்ளைகள் அழுதாலும் அந்தக் கூடையைத் தாண்டிப் போய்விடுங்கள். நாலைந்து மாத வயதுள்ள பெட்டைகளாகப் பார்த்து வாங்குவதே நல்லது. மூன்று அல்லது நான்கு போதும். ஒன்றை மட்டும் வாங்கினால் துணை தேடி நாள் முழுவதும் கத்தும். சிறிய இடத்துக்குச் சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழி ஏற்றது. கினிக்கோழியை மட்டும் தொடவே தொடாதீர்கள். இலை விழுந்தால்கூட ஊரைக் கூட்டிவிடும்.

இரண்டாம் படி: வாங்கும் முன் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசுங்கள்

கோழி வந்தபின் சொன்னால் அது தகவல், வரும் முன் கேட்டால் அது மரியாதை. அப்படிப் போகும்போது ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள்: யார் எப்போது தூங்குகிறார்கள், எந்த அறையில் தூங்குகிறார்கள். நான் இதைக் கேட்காமல் விட்டதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாநகராட்சி அல்லது பேரூராட்சியில் வீட்டில் கோழி வளர்க்க என்ன விதி என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு மத்திய விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை இரவு என்பது கணக்கு. ஆறு மணிக்கு முன் கொல்லை அமைதியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: விடியலைத் தள்ளிப்போடும் கூடு

பெட்டைகள் சேவலைப் போல இல்லை. கூட்டுக்குள் வெளிச்சம் வந்தால்தான் கம்பை விட்டு இறங்கி, கதவைத் திற என்று அரற்றத் தொடங்கும். கிழக்குப் பக்கத்தை மறைத்துவிட்டால் அந்தக் கூச்சல் ஏறக்குறைய ஒரு மணிநேரம் தள்ளிப்போகும்.

இங்கே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். சித்திரை மாதத்தில் நான்கு பக்கமும் பிளைவுட் பலகை அடித்து மூடினேன். மறுநாள் காலை திறந்தபோது நான்கும் அலகைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நம் ஊர் வெயிலுக்குக் காற்றோட்டம் இல்லாத கூடு அடுப்புதான். இப்போது கிழக்கில் மட்டும் பலகை. மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலக் கம்பி வலை, மேற்கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி, வடக்கில் சுருட்டி ஏற்றக்கூடிய சாக்குத் திரை. கூரைக்குத் தகரம் வேண்டாம். சூடு ஒருபுறம், மழையிலும் அணில் ஓட்டத்திலும் எழும் சத்தம் மறுபுறம். ஓலை நல்லது.

கோழி ஒன்றுக்கு உள்ளே இரண்டு சதுர அடியாவது கொடுங்கள். ஏறி உட்காரும் கம்பில் ஆளுக்கு எட்டு அங்குலம். இடம் நெருக்கினால் கொத்திக்கொள்ளும், கொத்தினால் அலறும். இருட்டியபின் கோழி சத்தமே போடாது. நள்ளிரவில் அலறினால் அது பூனையோ பாம்போ. டார்ச் எடுத்துக்கொண்டு எழுந்து போய்ப் பாருங்கள்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாராவது சொல்வார்கள். போகும். கனமான சுவர் ஒன்றுதான் சத்தத்தைத் தடுக்கும்.

நான்காம் படி: முட்டைப் பெட்டியை எங்கே வைப்பது

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெண் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. கோழி வந்த மூன்றாம் மாதம் ஒருநாள் கண்கள் சிவந்து வாசலில் வந்து நின்றார். "அக்கா, தினமும் பத்து மணிக்குக் கொல்லையில் யாரைப் போட்டு அடிக்கிறீர்கள்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகப்பட்டார்.

முட்டையிட்ட கோழி கேறுவது அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் நோட்டுப் போட்டு நேரம் குறித்தேன். செவலைக்கோழி திங்கள் 8.40, செவ்வாய் 9.50, புதன் 11.15, வியாழன் பன்னிரண்டரை, வெள்ளி விடுமுறை. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணிநேரம் ஆகும் என்பதால் நேரம் ஒவ்வொரு நாளும் பின்னால் நகரும். மதியம் தாண்டியதும் ஒருநாள் விட்டுவிட்டு மறுபடி காலையிலிருந்து தொடங்கும். நேரத்தை மாற்ற வழியில்லை என்று தெரிந்ததும் இடத்தை மாற்றினேன்.

கோழி பெட்டிக்குள் இருக்கும்போது அதிகம் கத்துவதில்லை. முட்டையிட்டு வெளியே வந்து, மற்ற கோழிகளைத் தேடி நிற்கும் இடத்தில்தான் கத்தும். அதனால் பெட்டியின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே முக்கியம். மேற்குச் சுவரோரம் அவர் ஜன்னலுக்கு நேராக இருந்ததை எடுத்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால், எங்கள் குளியலறைச் சுவர் இடையில் வருகிற மாதிரி வாயை எங்கள் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது அந்தக் கச்சேரி எனக்கு மட்டும்.

ஓரடி அகலமுள்ள மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பினால் பெட்டி தயார். நான்கு கோழிக்கு ஒன்று போதும் என்று புத்தகங்கள் சொல்லும், இரண்டு வையுங்கள். ஒன்று உள்ளே இருக்க இன்னொன்று வாசலில் காத்திருந்தால், காத்திருப்பது போடும் கூச்சல் முட்டையிட்டதைவிடப் பெரியது. ஏதாவது ஒன்று அடைக்கு உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். அடை தெளிய மூக்கில் இறகு செருகும் பழக்கம் கிராமத்தில் உண்டு. அந்தக் கொடுமை வேண்டாம். அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் தனியே வைத்தால் தெளிந்துவிடும்.

ஐந்தாம் படி: கத்தும்போது தீனி போடாதீர்கள்

செவிலியர் வந்து கேட்ட பதற்றத்தில் நான் கண்டுபிடித்த உடனடி வைத்தியம், கோழி கேற ஆரம்பித்ததும் ஒரு பிடி கம்புத் தானியத்தை எறிவது. உடனே அடங்கிவிடும். பத்தே நாளில் சமையலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே நான்கும் வலைக்கருகே ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தின. கத்தினால் கம்பு வரும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அதை மறக்கடிக்க ஒரு மாதம் பிடித்தது.

தீனி நேரத்தை நிலையாக வையுங்கள். கோழி ஒன்றுக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம். மாலையில் அவை கம்பில் ஏறியபின் மறுநாள் காலைக்கான கொஞ்சம் தீனியும் தண்ணீரும் கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால், விடிந்ததும் உங்களை எழுப்பாமல் தின்றுகொண்டிருக்கும். அரை அங்குல வலை போடச் சொன்னது எலிக்காகவும்தான். முருங்கைக் கொப்பையோ அகத்திக் கொப்பையோ கொல்லையில் கட்டித் தொங்கவிடுங்கள்; கொத்துகிற வாய் கத்தாது.

ஆறாம் படி: வாடை

சத்தம் என்று வரும் புகாருக்குப் பின்னால் பல நேரம் ஈயும் வாடையும் இருக்கின்றன. தரையில் மூன்று அங்குலம் உமி அல்லது தென்னை நார்க்கழிவு போட்டு, வாரம் இருமுறை கிளறுங்கள். ஈரமான இடத்தை அன்றே அள்ளிவிடுங்கள். மழைக்காலத்தில் இது சலிப்பான வேலை, வேறு வழியில்லை.

முட்டை கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்பது பாதி வீடுகளில் பலிக்கும். எதிர்வீட்டு அம்மா சைவம். முட்டையை நீட்டினால் கும்பிடு போட்டுவிடுவார். அவருக்கு ரோஜாத் தொட்டிகள் இருபது இருக்கின்றன, அதனால் எரு கொடுக்கிறேன். அள்ளிய கழிவை மூடி வைத்து மூன்று மாதமாவது மக்கவிட்டபின் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் செடி கருகும். அந்தப் பழியும் கோழியின் தலையில்தான் விழும்.