ஞாயிறு மத்தியானம் வீடு பார்க்காதீர்கள்

ராமேஸ்வரத்தில் பேருந்து நிலையப் பக்கமிருந்து கோயில் பக்கம் வீடு மாறியபோது நான் செய்த தப்பு, ஞாயிறு மத்தியானம் பைக்கில் போய் வீடு பார்த்தது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. பள்ளிக்கூடம், கடை எல்லாம் நடை தூரம். சரி என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். தை அமாவாசை வந்ததும்தான் புரிந்தது. அக்னி தீர்த்தத்துக்குப் போகும் கூட்டத்தில் பிள்ளையோடு தெருமுனையைத் தாண்டவே அரை மணி நேரம்.

அடுத்த வீட்டை வேறு மாதிரி தேடினேன். 7 வயது மகளைக் காலை 8.30 மணிக்கு அவள் நடையிலேயே பள்ளி வரை நடக்கவிட்டேன், 12 நிமிடம். இரவு மனைவியோடு அதே வழி: விளக்கு எரிகிறதா, நாய் எத்தனை. (ஆறு. எல்லாம் சோம்பேறிகள்.) அப்புறம் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் இதை விடக்கூடாது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அக்காவிடம் மழையைப் பற்றிக் கேட்டேன்.

"ஐப்பசியில அந்த முக்குல முழங்கால் தண்ணி நிக்கும் தம்பி. இந்தப் பக்கம் மணல் மேடு, உடனே வடிஞ்சிரும்."

மேட்டு வீட்டையே பிடித்தோம். வாடகை 500 ரூபாய் கூடுதல். மீன் வாங்க மட்டும் கொஞ்சம் தூரம் போக வேண்டும்.